பொறி எங்கே போனது?

இடவப்பாதி மழை இறங்கிவிட்டால் திருவனந்தபுரத்தில் எஸ்.எஸ். என்ற துருப்பிடிக்காத எஃகில் கைப்பிடி, கேட், ஓட்டல் சமையல் மேடை என்று செய்து கொடுக்கும் பட்டறைகளில் ஒரு புகார் கிளம்பும். ஆர்கான் வெல்டிங் மெஷின் ஓடுகிறது, விசிறி சுற்றுகிறது, டார்ச் சுவிட்சை அழுத்தினால் காஸ் ‘உஸ்’ என்று வருகிறது. நுனியில் மட்டும் ஒன்றுமில்லை. நேற்று மாலை வரை இரும்பைத் தொடாமலேயே பளிச்சென்று பற்றிய மின்வில் இன்று காலை பற்ற மறுக்கிறது. “எச்.எஃப். போச்சு அண்ணே” என்று மெக்கானிக்குக்குப் போன் போகும். அவர் வந்து சேரும்வரை டங்ஸ்டன் கம்பியை வேலைத் துண்டில் ஒரு உரசு உரசி ஒப்பேற்றிக்கொள்வார்கள்.

எச்.எஃப். என்பது ஹை ஃப்ரீக்வென்சி. வில்லைத் தொடங்கி வைக்கும் அந்த நீலப் பொறிக்குத்தான் பட்டறையில் இந்தப் பெயர். அது போய்விட்டது என்பது பெரும்பாலும் பாதி உண்மை. பல சமயம் பொறி உள்ளே பிறந்துகொண்டேதான் இருக்கும். டங்ஸ்டன் நுனிக்கு வராமல் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கும். எங்கே போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் மெக்கானிக்கின் வேலை. அதைப் புரிந்துகொள்ள, பொறி எதற்குத் தேவை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆர்கான் வெல்டிங்கின் மறுபெயரான டிக் வெல்டிங்கில் வில் எரிவது உருகாத டங்ஸ்டன் கம்பிக்கும் வேலைத் துண்டுக்கும் நடுவே. டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி செல்சியஸ். உலோகங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை. சுற்றிலும் ஆர்கான் காஸ் போர்த்தி நின்று காற்றை விலக்கி வைக்கும். வில் எரியத் தொடங்கிவிட்டால் அதைத் தக்கவைக்கப் பத்துப் பதினைந்து வோல்ட் போதும். ஆம்பியர்தான் நூற்றுக்கணக்கில் ஓடும். தொடக்கம்தான் சிக்கல். மெஷினின் இரண்டு முனைகளுக்கும் இடையே வெறுமனே இருக்கும் அழுத்தம் 60லிருந்து 80 வோல்ட்.

80 வோல்ட்டால் ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட முடியாது என்பதில் வியப்பில்லை. எவ்வளவு நெருக்கி வைத்தாலும் தாண்ட முடியாது என்பதுதான் வியப்பு. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெடரிக் பாஷன் 1889இல் வெளியிட்ட விதி இதைச் சொல்கிறது. இரண்டு உலோக முனைகளை நெருக்க நெருக்கப் பொறி பறக்கத் தேவையான வோல்ட் குறையும். ஓர் எல்லைக்குப் பிறகு குறையாது, திரும்பவும் ஏறத் தொடங்கும். இடைவெளி மிகக் குறுகிவிட்டால், பாயும் எலெக்ட்ரான் வழியில் மோதிப் பிளப்பதற்குப் போதுமான அணுக்களே இருக்காது என்பது காரணம். காற்றில் அந்த அடிமட்டம் ஏறக்குறைய 330 வோல்ட். ஆர்கானில் 140க்குச் சற்றுக் கீழே. இரண்டுமே 80க்கு எட்டாத உயரம். ஆகவே தொட்டு இழுக்க வேண்டும், அல்லது வேறெங்கிருந்தாவது ஆயிரக்கணக்கான வோல்ட்டைக் கடன் வாங்க வேண்டும்.

இதில் ஆர்கானின் போக்கு விசித்திரமானது. ஓர் ஆர்கான் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்க 15.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறுக்கு 15.6, ஆக்சிஜனுக்கு 12 சொச்சம் போதும். கணக்குப்படி ஆர்கான்தான் மசியக் கூடாது. நடப்பதோ தலைகீழ், ஆர்கானில் பொறி எளிதாகப் பறக்கிறது. நைட்ரஜன் மூலக்கூறு இரட்டை அணு. எலெக்ட்ரான் வந்து மோதினால் அது அதிரும், சுழலும். வந்த ஆற்றலில் ஒரு பங்கு அதிலேயே தொலையும். ஆக்சிஜனோ எலெக்ட்ரானையே விழுங்கி வைத்துக்கொள்ளும். ஒற்றை அணுவான ஆர்கானுக்கு அதிரவும் சுழலவும் வழியில்லை. மோதும் எலெக்ட்ரான் ஏறக்குறைய இழப்பின்றித் துள்ளி விலகி, மின்புலத்தில் மேலும் வேகம் சேர்த்துக்கொண்டு, கடைசியில் ஓர் அணுவைப் பிளந்துவிடும். பொறி வரவில்லை என்றால் சிலிண்டரை முதலில் பார் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குப் பின்னால் இந்த இயற்பியல் இருக்கிறது. காஸ் தீர்ந்த டார்ச் வேலையைக் கெடுப்பது பிறகு. முதலில் தொடங்கவே தயங்கும்.

வாயு மின்சாரத்தைக் கடத்துவது இந்த ஊருக்குப் புதிதல்ல. தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்கே அதுதான் காரணம். பூமியின் காந்த நடுக்கோடு அந்த மீனவக் கிராமத்தை ஒட்டிப் போகிறது. அதன் மேல் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி பிளந்து வைத்த காற்றினூடே பகல் வேளைகளில் ஒரு பெரும் மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராயத் தோதான இடம் என்றுதான் விக்ரம் சாராபாயும் தோழர்களும் அங்கே வந்தார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் நைக்-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. மரிய மகதலேனா தேவாலயம் அப்போது அலுவலகமாக இருந்தது.

அந்த ராக்கெட் தொழிலுக்குத் தொடாமல் தொடங்கும் பொறி மிக வேண்டியது. தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் வலியமலையின் திரவ உந்து அமைப்பு மையமும் வடிவமைக்கும் ராக்கெட்டுகளில் பற்றவைத்த பாகங்கள் ஏராளம். பி.எஸ்.எல்.வி.யின் முதல் கட்டத்துக்கு 2.8 மீட்டர் விட்டமுள்ள மராஜிங் எஃகு உருளை. கிரையோஜெனிக் தொட்டிகளுக்குச் செம்பு கலந்த 2219 ரக அலுமினியக் கலவை. அழுத்தக் காஸ் உருண்டைகளுக்கு டைட்டானியம். இவற்றைப் பற்றவைக்கும் முறைகளில் டிக் முக்கியமானது. டங்ஸ்டனை உரசித் தொடங்கினால் நுனியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து உருகிய உலோகத்துக்குள் மூழ்கிவிடும். டங்ஸ்டனின் அடர்த்தி அலுமினியத்தைப்போல ஏழு மடங்கு. அதனால் எக்ஸ்-ரே படத்தில் அந்தத் துணுக்கு வெள்ளைப் புள்ளியாகக் கண்ணில் குத்தும். கைப்பிடியில் அப்படி ஒரு புள்ளி இருந்தால் யாருக்கும் நட்டமில்லை. உயர் அழுத்தத்தில் எரிபொருள் சுமக்கும் தொட்டியில் விரிசல் அங்கிருந்து தொடங்கலாம்.

இனி அந்தக் கடன் வாங்கிய வோல்ட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு சின்னக் குடும்பம் தெரியும். வீட்டு மின்சாரத்தைச் சில ஆயிரம் வோல்ட்டாக ஏற்றும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர், ஒரு கெப்பாசிட்டர், இரண்டு டங்ஸ்டன் பொத்தான்கள் மயிரிழை விலகி எதிரெதிரே நிற்கும் ஸ்பார்க் கேப், தடித்த செம்புக் கம்பி சுற்றிய காயில். கெப்பாசிட்டர் நிரம்பிக்கொண்டே வரும். கேப்பின் இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர் என்றால், ஏறத்தாழ 1,300 வோல்ட்டில் காற்று உடைந்து பொறி பறக்கும். அந்தக் கணத்தில் கெப்பாசிட்டரில் தேங்கியதெல்லாம் காயிலுக்குள் பாயும், காயில் திருப்பித் தள்ளும், மறுபடி பாயும். ஒரே ஓர் அடிதான் விழுந்தது, கோயில் மணிபோல அது அதிர்ந்து அதிர்ந்து அடங்குகிறது. அந்த அதிர்வு நொடிக்கு இருபது லட்சம் தடவை அளவில் நடக்கும். பக்கத்தில் சுற்றிய இன்னொரு காயில் அதை வாங்கி, இன்னும் உயர்ந்த வோல்ட்டாக டார்ச் கேபிளில் ஏற்றிவிடும்.

வானொலி வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தை அடையாளம் தெரியும். ஹெர்ட்ஸ் 1880களின் பின்பாதியில் மின்காந்த அலை உண்டென்று நிரூபித்தது பொறி கொண்டுதான். ஜகதீச சந்திர போஸ் 1890களின் நடுவில் கல்கத்தாவில், கம்பியில்லாமலேயே தொலைவிலிருந்து மணியை ஒலிக்க வைத்ததும் உலோக உருண்டைகளுக்கிடையே பறந்த பொறியால்தான். 1912இல் டைட்டானிக் அனுப்பிய அபயக் குரலும் சுழலும் ஸ்பார்க் கேப்பிலிருந்தே வந்தது. ஒரு பொறி எல்லா அலைவரிசையிலும் இரைச்சலைக் கொட்டும் என்பதால் இந்த ரக டிரான்ஸ்மிட்டர்களை 1920, 30களில் உலக நாடுகள் ஒதுக்கின. துரத்தப்பட்ட டிரான்ஸ்மிட்டர் ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு வெல்டிங் மெஷினுக்குள் குடிபுகுந்துகொண்டது என்றே எனக்குத் தோன்றும். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ரப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் மக்னீசியத்தைப் பற்றவைக்க டங்ஸ்டனும் ஹீலியமும் கொண்ட டார்ச்சை உருவாக்கினார். அந்த டார்ச்சின் வாரிசுகளில் பொறி இன்றும் உயிரோடு இருக்கிறது.

டிரான்ஸ்மிட்டர் என்று தெரிந்துகொண்டால் சோதனையும் எளிதாகிறது. மெஷின் அருகே மீடியம் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, டார்ச் சுவிட்சை அழுத்துங்கள். கரகரவென்று இரைந்தால் பொறி எங்கோ பிறக்கிறது. மல்டிமீட்டரை எடுத்து எச்.எஃப்.ஐ அளக்கப் போகாதீர்கள். அளவு தெரியாது, மீட்டர் செத்துப்போகும். காதும் ரேடியோவுமே போதும். ஸ்பார்க் கேப் வேலை செய்தால் வண்டு ரீங்காரத்தில் கொஞ்சம் கரகரப்புச் சேர்ந்த ஒலி மெஷினுக்குள்ளிருந்து கேட்கும்.

அந்த ஒலி இல்லை என்றால் கோளாறு பிறப்பிடத்தில். முகப்பில் எச்.எஃப். சுவிட்ச் ‘ஆஃப்’பில் கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அடுத்து டார்ச் சுவிட்சின் மெல்லிய ஒயர். கைப்பிடிக்கு அடியில் தினமும் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்திருக்கும். காஸ் வால்வும் எச்.எஃப்.பும் ஒரே சுவிட்சில் கட்டளை வாங்கும் மெஷினில் காஸ் வருகிறது என்றால் இந்த ஒயரைச் சந்தேகிக்கத் தேவையில்லை. பிறகுதான் ஸ்பார்க் கேப். பல மாதப் பொறியில் டங்ஸ்டன் பொத்தான் தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும்; ஃபீலர் கேஜ் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். கூட்டினால் பொறி பலமாக வரும் என்று சிலர் அகட்டி வைப்பார்கள். வரும், கொஞ்ச நாளைக்கு. அதற்குள் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் தாங்கவேண்டிய அழுத்தம் ஏறி, அவற்றில் ஒன்று உடைந்துவிடும். இந்தப் பகுதியைத் திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை முறைப்படி இறக்குவது கட்டாயம். பழக்கமில்லாதவர்கள் மூடியைக் கழற்றாமலிருப்பதே நல்லது.

ரீங்காரம் கேட்கிறது, டார்ச் நுனியில் பொறியும் தெரிகிறது, வில் மட்டும் பற்றவில்லை என்றால் எச்.எஃப். குற்றமற்றது. அதன் பின்னால் வரவேண்டிய 80 வோல்ட் வரவில்லை. காரணம் கான்டாக்டர், ரெக்டிஃபையர், கால் பெடல், அல்லது பெயின்ட் அடித்த இடத்தில் கவ்விய எர்த் கிளாம்ப்.

ரீங்காரம் பலமாக இருந்தும் டார்ச் நுனி இருண்டு கிடப்பதுதான் சுவையான வழக்கு. மழைக்காலத்து வழக்கும் இதுவே. மெக்கானிக் டார்ச் கேபிளை அவிழ்த்து, உள் செம்புக்கும் வெளிக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கிறார். இன்சுலேஷன் முழுசாக இருக்கிறது என்கிறது மீட்டர். அது பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விதான் தவறு.

எட்டு மீட்டர் கேபிள் இரும்புத் தரைத் தகட்டின் மேல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செம்புக் கம்பி ஒருபுறம், தகடு மறுபுறம், நடுவில் ரப்பர். இதுவே ஒரு கெப்பாசிட்டர்தான். கணக்குக்காக 800 பிக்கோஃபாரட் என்று எடுத்துக்கொண்டால், வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு அது காட்டும் தடை கிட்டத்தட்ட 40 லட்சம் ஓம். சுவர் என்றே சொல்லலாம். அதே ரப்பர், நொடிக்கு இருபது லட்சம் தடவை அதிரும் எச்.எஃப்.புக்குக் காட்டும் தடை வெறும் 100 ஓம். அதாவது வாசல் திறந்து கிடக்கிறது. ஒரு கீறல்கூட இல்லாத கேபிள் வழியாகவே பொறியின் பெரும்பங்கு தரைக்குப் போய்விடும். கேபிளைச் சுருட்டி வைத்தால் இன்னும் மோசம். தரையிலிருந்து தூக்கி மரக்கட்டையில் போட்டதும் ‘மெஷின் தானாகச் சரியாகிவிட்டது’ என்று வியப்பவர்கள் உண்டு.

இதோடு ஈரமும் உப்பும் சேர்கிறது. சாக்கை, வேளி, கொச்சுவேளி என்று கடலை ஒட்டிய பகுதிகளில் காற்றே உப்புக் கரைசல்தான். கிரைண்டர் அடித்த இரும்புத் தூள் மெஷினுக்குள் போய்ப் படிந்திருக்கும். அதன் மேல் உப்பு. அதன் மேல் மழைக்காலத்து ஈரம். எச்.எஃப். காயிலைத் தாங்கி நிற்கும் பேக்கலைட் பலகையில் இந்தப் படலம் மெல்லிய மின்பாதை போட்டுவிடும். பொறி அதன் வழியே ஊர்ந்து ஊர்ந்து பலகையைக் கருக்கும். கரி படிந்த கோடு முன்னைவிட நல்ல கடத்தி என்பதால் அடுத்த பொறியும் அதே வழியில்தான் போகும். இருட்டில் பார்த்தால் நீல நூல் நெளிவதுபோல் தெரியும். அந்த இடத்தைத் துடைத்தால் மட்டும் போதாது. கருகியதைச் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது பலகையை மாற்ற வேண்டும். தண்ணீர் குளிரூட்டும் டார்ச்சில் இன்னொரு ஒழுக்கு உண்டு. கிணற்று நீரை ஊற்றினால் அதில் கரைந்த உப்பே எச்.எஃப்.ஐக் கடத்திக்கொண்டு தொட்டிக்குப் போய்விடும். அயனி நீக்கிய நீரோ தயாரிப்பாளர் சொல்லும் கூலன்டோதான் ஊற்ற வேண்டும்.

வெளியே போகும் பாதையைப்போலவே திரும்பும் பாதையும் முக்கியம். மெஷினின் வெளிவாயில் ஒரு பைபாஸ் கெப்பாசிட்டர் இருக்கும். எச்.எஃப். பின்பக்கமாக நுழைந்து ரெக்டிஃபையரைக் கொல்லாமல் தடுப்பது அதன் ஒரு வேலை. டார்ச்சிலிருந்து வேலைத் துண்டு வழியாக வந்த எச்.எஃப். காயிலுக்குத் திரும்ப வழிவிடுவது மற்றொன்று. அது அறுந்துபோனால் பொறி மெலிந்துபோகும், எலெக்ட்ரானிக் பலகைகளும் ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கும். எச்.எஃப். பலவீனமும் டிஸ்ப்ளே உளறலும் ஒரே வாரத்தில் வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடைசியாக டங்ஸ்டன் நுனி. பொறி வந்து சேர்ந்தாலும், நுனியிலிருந்து எலெக்ட்ரான்கள் கிளம்பினால்தான் வில் நிற்கும். சுத்த டங்ஸ்டனிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கிளப்ப 4.5 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. தோரியம் கலந்தால் அது 2.6 அளவுக்கு இறங்குகிறது. சிவப்பு முனைக் கம்பியில் இருப்பது இரண்டு விழுக்காடு தோரியம் ஆக்சைடு. அலுமினியத்துக்கு ஸிர்கோனியம் கலந்தது, இப்போது பரவலாகும் சீரியம், லாந்தனம் கலந்தவை என்று மற்ற ரகங்களும் உண்டு.

தோரியம், சீரியம், லாந்தனம், ஸிர்கோனியம் என்ற இந்த நான்கும் ஒரே மணலில் கிடக்கும் கரை இது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே மணவாளக்குறிச்சி, வடக்கே சவரை. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து சேர்ந்தார். அன்று காஸ் விளக்கின் வலைத்திரிக்குத் தோரியம் வேண்டியிருந்தது. அதுவரை பிரேசில் மணல்தான் கதி. மோனசைட்டில் தோரியத்தோடு சீரியமும் லாந்தனமும் சேர்ந்தே இருக்கின்றன, அதே கரிய மணலின் ஸிர்கானில் ஸிர்கோனியம், இல்மனைட்டில் டைட்டானியம். சவரையில் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் ஸ்பாஞ்ச் எடுக்கும் ஆலை 2011இல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் துணையோடு தொடங்கியது. பற்றவைக்கும் நுனிக்கு உயிர் கொடுக்கும் தனிமங்களும் பற்றவைக்கப்படும் உலோகமும் ஒரே கரையில். கடையில் வாங்கும் சிவப்பு முனைக் கம்பியின் தோரியம் இங்கிருந்துதான் போனது என்று சொல்ல வரவில்லை. தோரியம் இன்று நம் நாட்டில் அணுசக்தித் துறையின் கட்டுக்குள் இருக்கும் பொருள். கதிரியக்கமும் உள்ளது. கையில் பிடிப்பதால் பெரிய ஆபத்தில்லை, கூர் தீட்டும்போது பறக்கும் தூளை மூச்சில் இழுப்பதுதான் தவறு. முகக்கவசமில்லாமல் கிரைண்டரில் குனிந்து தீட்டும் பையன்களைப் பட்டறைக்குப் பட்டறை பார்க்கலாம். லாந்தனக் கம்பிக்கு மாறச் சொல்லி யாராவது முதலாளியிடம் சொல்ல வேண்டும்.

நுனியில் அலுமினியம் அப்பியிருந்தாலும், 20 ஆம்பியர் வேலைக்கு 3.2 மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தாலும் பொறி பறந்தும் வில் பிடிக்காது. தடித்த நுனி சூடேற நேரமெடுக்கும். சூடேறாத நுனி எலெக்ட்ரானைத் தராது.

எச்.எஃப். திரும்பும்வரை வேலை நிற்கக் கூடாது என்றால் வழி உண்டா? எஸ்.எஸ்.ஸுக்கு உண்டு. வேலைத் துண்டின் மேல் ஒரு செம்புத் துண்டை வைத்து, அதில் உரசி வில்லை எழுப்பிக்கொண்டு, சூடான நுனியை மெல்ல இணைப்புக்கு நகர்த்தலாம். புது இன்வெர்ட்டர் மெஷின்களில் லிஃப்ட் ஆர்க் என்று ஒரு வசதி இருக்கிறது. நுனி தொடும்போது மிகக் குறைந்த ஆம்பியரே ஓடும், தூக்கியதும் முழு ஆம்பியர் வரும், அதனால் டங்ஸ்டன் ஒட்டாது. அலுமினியம்தான் விடாது. அதன் ஆக்சைடுத் தோல் உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், அடியிலிருக்கும் உலோகமோ 660லேயே உருகிவிடும். தோலை உரிக்க ஏ.சி. மின்சாரம் வேண்டும். ஏ.சி.யில் மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுகிறது. தொடும்போதெல்லாம் வில் அணையப் பார்க்கும். இன்வெர்ட்டர் மெஷின் பூஜ்யத்தைச் சட்டென்று தாண்டிவிடுவதால் சமாளிக்கும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் எச்.எஃப். தொடக்கத்துக்கு மட்டுமல்ல, வேலை முடியும்வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் செம்புத் துண்டு உத்தி ஒரு அங்குலத்துக்குக்கூட உதவாது. கேபிளைத் தரையிலிருந்து தூக்கிப் போட்டுப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.